தழும்பில்லாத டீச்சர்

அந்தப் போட்டோ ஸ்டூடியோவுக்குள் நுழைகிற எவருக்கும் முதலில் ஓர் உறுத்தல் வரும். கேமராவுக்குப் பின்னால் நிற்கிற பெண்மணி நம்மைப் படம் எடுக்கத்தான் பார்க்கிறாளா, இல்லை நாம் சொன்ன பெயர் நிஜந்தானா என்று பார்க்கிறாளா? பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர் "கொஞ்சம் சீக்கிரம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றால், "எந்தப் பஸ்ஸு?" என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாள். சிரித்துக்கொண்டு வருகிறவர் மேல் ஒரு சந்தேகம் என்றால், சிரிக்காமல் வருகிறவர் மேல் இரண்டு.

"என் பொண்டாட்டி கண்ணாடியப் பாத்தாக்கூட 'யாருடி நீ'ன்னுதான் கேப்பா" என்பார் அவள் கணவர். அவர் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவள் எடுத்த முகங்களைத் திருத்துகிறவர். கண்ணுக்கடியில் கருவளையம், கன்னத்தில் பரு, கல்யாணத்துக்கு வராத மாமாவைக் கடைசி வரிசையில் சேர்ப்பது, எல்லாம் அவர் கைவேலை. அவள் உள்ளதை உள்ளபடி எடுப்பாள். அவர் அதை ஊர் பார்க்கிறபடி ஆக்குவார். அந்த இரண்டு குணமும் ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் சண்டையும் சிரிப்புமாகக் குடும்பம் நடத்தியதுதான் ஆச்சரியம்.

எல்லார் கையிலும் கேமரா வைத்த போன் வந்த பிறகு ஸ்டூடியோவின் பிற்பகல்கள் காலியாகின. அப்படியொரு பிற்பகலில்தான் அவள் இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற கலைக்களஞ்சியம். அதில் ஒரு அரசியல்வாதியின் பக்கத்தில், 'தொட்டிலில் கிடந்தபோதே நாட்டைப் பற்றிக் கவலைப்பட்டவர்' என்று இருந்தது. அவள் நெற்றி சுருங்கியது. 'இதற்கு என்ன சான்று?' என்று பக்கத்தில் எழுதிவைத்தாள். மறுநாள் முகம் தெரியாத யாரோ ஒருவர், 'நல்ல கேள்வி. நன்றி' என்று பதில் போட்டிருந்தார்.

நன்றி! தலை நரைக்கத் தொடங்கிய அந்த வயதுவரை, அவளுடைய சந்தேகத்துக்கு யாருமே நன்றி சொன்னதில்லை. வீட்டில் குறை என்று சொல்லப்பட்ட குணத்தை அங்கே கடமை என்றார்கள். மறுகணமே அந்தக் கலைக்களஞ்சியத்தோடு அவளுக்கு ஓர் உறவு உண்டாகிவிட்டது.

அங்கே அவள் பெயர் 'சல்லடை'. அரசியல்வாதிகளின் பக்கங்களைச் சலிப்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. விதி எளிமையானது. சட்டமன்றத்துக்கு ஒரு முறையாவது ஜெயித்துப் போனவருக்குப் பக்கம் உண்டு. நின்று தோற்றவருக்குக் கிடையாது. அவருக்கு வேண்டியவை, வேண்டாதவை என்று எந்தச் சம்பந்தமும் இல்லாத பத்திரிகைகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால் மட்டும் யோசிக்கலாம். பக்கத்தில் தகுதி இல்லை என்று தோன்றினால், அதன் தலையில் ஒரு பலகையை மாட்டவேண்டும்: 'இவர் குறிப்பிடத்தக்கவர்தானா என்ற ஐயம் எழுப்பப்பட்டுள்ளது.' பிறகு ஒரு வாரம் எல்லாரும் விவாதிப்பார்கள். பொறுப்பில் இருக்கிற ஒருவர் காரணங்களை எடைபோட்டுத் தீர்ப்பு எழுதுவார். இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. எழுதப்படுகிற ஆள் உனக்குத் தெரிந்தவர் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புனைபெயரில் எழுதுகிற எவருடைய நிஜ அடையாளத்தையும் வெளியே சொல்லக்கூடாது.

தேர்தல் நெருங்கினால் அவளுக்குக் கொண்டாட்டம்தான். அன்றன்று சலித்ததை மதியச் சாப்பாட்டில் எடுத்துவிடுவாள்.

"இன்னிக்கு ஒருத்தர் 'ஏழைகளின் விடிவெள்ளி'. நேத்து வந்தவரும் விடிவெள்ளிதான். வானத்துல இடமில்லாம இடிச்சுக்கப் போறாங்க."

கணவர் தலையைக் குனிந்து சாப்பிடுவார். விழுந்து விழுந்து சிரிக்கிறவன் கொழுந்தன். அடுத்த தெருவில் அச்சகத்தில் போஸ்டர் வடிவமைக்கிற வேலை அவனுக்கு. வேலை அங்கே, வயிறு அண்ணன் வீட்டில்.

"அப்புறம் அண்ணி? 'தன்னலம் என்ற சொல்லையே அறியாதவர்' இன்னிக்கு வரலையா?"

"வந்தாரே! கூடவே 'இளமை மாறாத முகம்'. அந்த மூஞ்சிய இளமையாக்க உங்கண்ணன் எவ்வளவு பாடுபட்டார்னு எனக்குல்ல தெரியும்!"

போன வருஷம் மரக்கடைக்காரரின் பக்கம் போன கதைதான் அவனுக்கு ரொம்பப் பிடித்தது. ஊரில் பெரிய மரக்கடை அவருடையது. எந்தத் தேர்தலிலும் ஜெயிக்காதவர். யாரையோ பிடித்துத் தனக்கு ஒரு பக்கம் எழுதவைத்து, விசிட்டிங் கார்டில் 'கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றவர்' என்றே அச்சடித்துக்கொண்டார். சல்லடை பலகையை மாட்டினாள். வாரம் முடிந்ததும் பக்கம் போய்விட்டது. கார்டுகள் கட்டுக்கட்டாக மிச்சமாயின.

"பேனாவால அந்த வரியை மட்டும் அடிச்சு அடிச்சுக் கொடுக்கறாராம் அண்ணி!" என்று கொழுந்தன் சொன்னபோது அவளுக்குப் புரையேறும் அளவு சிரிப்பு. தன் பேச்சை இப்படி ரசிக்கிற ஒருவனை யார்தான் சந்தேகிப்பார்கள்?

இந்தத் தேர்தலில் மரக்கடைக்காரர் மறுபடி நின்றார். எதிர்த்து நின்றவள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து வேலையை விட்டவள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். முன்பு நின்ற தேர்தல்களிலெல்லாம் தோற்றவள். போஸ்டருக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

படம் எடுத்தாயிற்று. கணவர் திருத்தித் திரையில் காட்டினார். டீச்சர் உற்றுப் பார்த்தாள்.

"என் தாடையில ஒரு தழும்பு இருக்குமே?"

"எடுத்துட்டேன் டீச்சர். பத்து வயசு குறைஞ்சிட்டீங்க பாருங்க."

"திருப்பி வச்சிருங்க. ஓட்டுக் கேட்டு வாசலுக்குப் போறப்ப, 'போஸ்டர்ல இருக்கறது உங்க தங்கச்சியா'ன்னு கேப்பாங்க."

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! படத்துக்குப் பின்னணியாகத் தொங்கவிடும் நீலத் திரையை மடித்துக்கொண்டிருந்த அவள், ஓரக்கண்ணால் பார்த்தாள். தழும்புள்ள படம்தான் டீச்சர் கைக்குப் போனது. தழும்பில்லாத படம் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் கிடந்தது. அச்சகத்துக்குப் போகவேண்டிய படங்களைக் கொழுந்தன் வழக்கம்போல் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்துக் கலைக்களஞ்சியத்தில் புதுப் பக்கம் ஒன்று வந்தது. டீச்சரைப் பற்றி. எழுதியவர் பெயர் 'மக்கள்நேசன்'. 'ஏழைகளின் விடிவெள்ளி. தன்னலம் என்ற சொல்லையே அறியாதவர். இளமை மாறாத முகம்.' அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சரைத் தனக்குத் தெரியும் என்று எழுதவேண்டும் என்பதுகூட நினைவில் வரவில்லை. உட்கார்ந்த சூட்டோடு பலகையை மாட்டினாள். அதன்பிறகுதான் படத்தைப் பார்த்தாள்.

தாடை வழவழவென்று இருந்தது.

கீழே, 'படம்: மக்கள்நேசன், சொந்தப் படைப்பு' என்று போட்டிருந்தது.

அந்தக் கணத்தில் அவள் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று எழுத்தில் சொல்ல முடியுமா? வெளியே யாருக்கும் கொடுக்காத படம். அவளைத் தவிர அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருகிறவர் ஒருவர்தான். அன்றைக்கு அந்தச் சிரிப்பு. 'இளமை மாறாத முகம்' என்ற வரியை அவள் மறுபடி படித்தாள். இத்தனை நாள் சிரிக்கவைத்த அதே வரி இப்போது முள்ளாகக் குத்தியது. தன்னை ஒருநாளாவது அவர் இப்படிச் சொன்னதுண்டா?

விவாதத்தில் எதுவும் எழுத முடியவில்லை. 'இது எங்கள் ஸ்டூடியோ படம்' என்று சொன்னால், புனைபெயருக்குப் பின்னால் நிற்பது தன் புருஷன் என்று ஊருக்கே சொன்னதாகிவிடும். விதியும் விடாது, மானமும் விடாது. அன்றிலிருந்து அவர் போனைக் கவிழ்த்துவைத்தால் ஒரு பார்வை. வாசலுக்குப் போனால் ஒரு பார்வை. அவர் உள்ளறையைவிட்டு எழுந்தால், அந்த நாற்காலி எவ்வளவு சூடாக இருக்கிறது என்றுகூடத் தொட்டுப் பார்த்தாள்.

பொறுக்க முடியாமல் ஒரு பிற்பகல் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, மக்கள்நேசன் யாரு?"

"யாரு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் படித்தார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி மாறியது. அந்த ஒரு நொடி போதாதா அவளுக்கு?

"மூஞ்சி மாறுதே. இந்தப் படம் நம்ம கம்ப்யூட்டர்லேருந்து எப்படிப் போச்சு?"

"எனக்குத் தெரியாது. நான் அனுப்பலை."

"அப்ப அதுவே நடந்து போச்சா? இளமை மாறாத முகமாம்! சொல்லுங்க, எத்தனை நாளா நடக்குது?"

அவர் மௌஸிலிருந்து கையை எடுத்தார். கோபம் வந்தால் கத்துகிறவர் அல்ல. குரல் இறங்கும். அவ்வளவுதான்.

"இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி உனக்கு இவ்வளவுதான் தெரிஞ்சுதா? சரி. எனக்கும் ஒரு பலகை மாட்டிடு. இவன் புருஷன்தானான்னு ஐயம் எழுப்பு."

"பேச்சை மாத்தாதீங்க."

"தேர்தல் வேலை முடியட்டும். நான் எங்கக்கா வீட்டுக்குப் போறேன். நீ நல்லா விசாரிச்சு, ஒரு தீர்ப்பு எழுதிவை."

மறுநாள் காலை உள்ளறைக் கதவோரம் அவருடைய பெரிய பயணப்பை நின்றுகொண்டிருந்தது. புடைத்து, ஜிப் இழுத்து மூடி, பிடி மேலே நிமிர்ந்து. அவள் அதைத் தாண்டித்தான் ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருந்த வீட்டின் அடுப்படிக்குப் போகவேண்டும். தாண்டும்போதெல்லாம் அது அவளைப் பார்ப்பது போலிருந்தது. அந்த வாரம் எதுவுமே சரியாக நடக்கவில்லை. நீலத் திரையைக்கூடக் காணவில்லை. கடைசியாகப் படம் எடுத்துப்போன குடும்பம்தான் சுருட்டியிருக்கும் என்று அவர்கள் மேலும் ஒரு சந்தேகத்தைப் போட்டுவைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் கணவர் தட்டை உள்ளே எடுத்துப் போனார். கொழுந்தன் மட்டும் எதிரே உட்கார்ந்து, "என்ன அண்ணி, இன்னிக்கு விடிவெள்ளி யாரும் வரலையா?" என்றான். அவள் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்துபோனாள்.

ஒரு வாரம் முடிவதற்குள் போஸ்டர் வந்துவிட்டது.

காய் வாங்கித் திரும்பியவள் தெருமுனைச் சுவரைப் பார்த்து நின்றாள். தழும்பில்லாத டீச்சர் அவளைப் பார்த்துச் சிரித்தாள். படத்துக்கு மேலே, அவள் கையால் மாட்டிய பலகை பெரிய எழுத்தில்: 'இவர் குறிப்பிடத்தக்கவர்தானா என்ற ஐயம் எழுப்பப்பட்டுள்ளது.' கீழே சிவப்பில்: 'கலைக்களஞ்சியமே கேட்கிறது, யார் இவர்? உங்கள் ஓட்டு மரக்கடைக்காரருக்கே.'

பையில் இருந்த காய்கள் கனத்தன.

அவள் எத்தனையோ போலிப் பக்கங்களைப் பார்த்திருக்கிறாள். புகழ் பரப்ப எழுதியவை, பழி தீர்க்க எழுதியவை. பலகை மாட்டப்படுவதற்காகவே எழுதப்பட்ட பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறாள். அந்தப் பக்கம் டீச்சருக்காக எழுதப்படவில்லை. அவளுக்காக, சல்லடைக்காக எழுதப்பட்டது. விடிவெள்ளி, தன்னலம், இளமை மாறாத முகம். அவளுக்கு ரத்தம் கொதிக்கிற ஒவ்வொரு சொல்லையும் பொறுக்கியெடுத்துக் கோத்திருக்கிறார்கள். அந்தச் சொற்களை அவள் வேறெங்கே சொன்னாள்? தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தவிர?

அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார். இன்னொருவன் சிரித்தான்.

நேராக அச்சகத்துக்குப் போனாள். கொழுந்தன் நாற்காலியைவிட்டு எழுந்துகொண்டான்.

"நீதானே?"

"அண்ணி, அது... தொழில் அண்ணி. மரக்கடைக்காரர் கேட்டார். போன வருஷம் அவருக்கு வலிச்ச வலி அப்படி. அதே அடி டீச்சருக்கும் விழணும்னார்."

"அதுக்கு என் கை வேணுமா உனக்கு?"

"வேற யாரையும் நம்ப முடியாது அண்ணி. மத்தவங்க விட்டாலும் விடுவாங்க. நீங்க பாத்த உடனே மாட்டிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

நம்பிக்கை! வாழ்நாளில் அவள் யாருக்கும் சுலபமாகக் கொடுக்காத அந்தச் சொல், அன்றைக்கு அவள் முகத்தில் எறியப்பட்டது. திரும்பி நடந்தாள்.

ஸ்டூடியோவில் டீச்சர் காத்திருந்தாள். பவுடர் பூசிக்கொள்கிற கண்ணாடி முன்னால் நின்று, தாடையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கணவர் உள்ளறை வாசலில் நின்றார்.

"ஒரு விஷயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள் டீச்சர். "நான் யாருன்னு ஐயம் எழுப்பினது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். புனைபெயர்தானே! அவள் கண்கள் தளும்பின.

"நான்தான் டீச்சர்."

உள்ளறை வாசலில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. டீச்சர் கோபப்படவில்லை.

"சரியாத்தானே எழுதியிருக்கீங்க? நான் ஜெயிச்சதில்லை. அதுல வருத்தமில்ல. ஆனா சுவத்துல இருக்கற அந்தப் பொம்பளை நான் இல்லம்மா. ஊரே கேக்குது, தழும்பை மறைச்சுட்டு ஓட்டுக் கேக்கறியான்னு. பள்ளிக்கூட மைதானத்துல கோல் கம்பம் சாஞ்சப்ப ஒரு பிள்ளைய இழுத்துவிட்டேன். அந்தக் கம்பிதான் இங்க கிழிச்சது. மறைக்கறதுக்கு அதுல என்ன இருக்கு?"

கேட்டுக்கொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் பிறவிக்குணம் எங்கே போகும்?

"அதைப் பத்திப் பத்திரிகையில ஏதாவது வந்துச்சா டீச்சர்?"

டீச்சர் அவளையே பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"பிள்ளை பொழைச்சிருச்சும்மா. செத்திருந்தா வந்திருக்கும்."

சொல்லிவிட்டு, கழுத்து விசிலை நேராக்கிக்கொண்டு டீச்சர் படியிறங்கினாள்.

டீச்சர் போனதும் அவள் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். விவாதத்தில் எழுதினாள்: 'இந்தப் பக்கத்துக்குரியவரை எனக்கு நேரில் தெரியும். முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும். சொல்லாதது என் பிழை. படம் பதிவேற்றியவருடையது அல்ல. படத்தில் இருப்பவரே வேண்டாம் என்று மறுத்த படம், அவர் அனுமதியில்லாமல் போடப்பட்டது. உடனே நீக்க வேண்டுகிறேன். இந்த விவாதத்திலிருந்து விலகுகிறேன்.' எழுதிவிட்டு விரல்கள் தயங்கின. இந்த டீச்சருக்கு ஒரு பக்கம் இருந்தால்தான் என்ன? அவள் மனசு கெஞ்சியது. ஆனால் விதிக்கு மனசு கிடையாது. 'இருக்கட்டும்' என்று எழுத அவளால் முடியவில்லை. எழுதினால், மரக்கடைக்காரரை நீக்கிய சல்லடைக்கு அப்புறம் என்ன மரியாதை? மக்கள்நேசன் யார் என்பதையும் எழுதவில்லை. படம் அன்றே மறைந்தது. வாரம் முடிந்ததும் பக்கமும் போயிற்று. சுவரில் இருந்ததைத்தான் யாராலும் நீக்க முடியவில்லை.

கணவர் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்திருந்தார்.

"தம்பின்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும், இல்ல?" என்றாள் திரும்பாமல்.

"தோணிச்சு. படத்தைப் பாத்ததும் தோணிச்சு."

"ஏன் சொல்லலை?"

"கூடப் பொறந்தவன் மேல சான்று இல்லாம எப்படிச் சொல்றது? சான்று சான்றுன்னு நீதானே தினம் சொல்லுவ."

"என் மேல கோபமா?"

"பின்ன இருக்காதா?" என்றார். உள்ளே போய்விட்டார். பை அங்கேயேதான் நின்றது.

கொழுந்தனைச் சாப்பிட வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வந்தான். தட்டில் போட்டாள். கேட்டபோது இன்னும் போட்டாள். ஆனால் அவன் எதிரே அவள் வாயைத் திறப்பதே இல்லை. விடிவெள்ளிகள் வந்தார்கள், போனார்கள். அவனுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நாலாம் நாள் தட்டைக் கழுவிவைத்துவிட்டு, "ஏதாவது திட்டவாவது திட்டுங்க அண்ணி" என்றான். அவள் குழம்புப் பாத்திரத்தை மூடினாள்.

தேர்தலில் மரக்கடைக்காரர் ஜெயித்தார்.

முடிவு வந்த அன்றே அவருக்குப் பக்கம் முளைத்துவிட்டது. அவள் திறந்து பார்த்தாள். விடிவெள்ளியை அடித்தாள். தன்னலத்தை அடித்தாள். பெயர், பிறந்த வருஷம், ஜெயித்த தொகுதி, அவ்வளவுதான் மிஞ்சியது. பலகை மாட்டவில்லை. ஜெயித்துவிட்டார். அவருக்கு இடம் உண்டு. நெஞ்சு எரிந்தாலும் அதுதான் விதி. ஒரு பிள்ளையை இழுத்துவிட்டவளுக்கு இல்லை. அழுதுகொண்டே கம்ப்யூட்டரை அணைத்தாள்.

தேர்தல் முடிந்துவிட்டது. இனி அந்தப் பை போகவேண்டும்.

கணவர் வாசலில் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஷோகேஸில் ஏதோ மாற்றிக்கொண்டிருந்தார். அவள் பையருகே உட்கார்ந்தாள். அவர் எந்தச் சட்டைகளை எடுத்துவைத்தார், திரும்பி வருகிற மாதிரி வைத்தாரா, வராத மாதிரி வைத்தாரா என்று பார்த்துவிடத் துடித்தாள். ஜிப்பை இழுத்தாள்.

உள்ளே அவளுடைய நீலத் திரை சுருட்டிக் கிடந்தது. அதன் அடியில் பழைய கேமரா உறைகள். ஒரு சட்டை இல்லை. ஒரு துண்டுகூட இல்லை.

"எல்லாத்தையும் சந்தேகப்படுவியே" என்றது வாசற்பக்கத்திலிருந்து குரல். ஸ்டூலின் மேல் நின்றபடியே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பையை மட்டும் ஏன் சந்தேகப்படலை?"

அவள் திரையை மார்போடு அணைத்துக்கொண்டு, அடக்கிவைத்த அழுகையெல்லாம் அழுதாள். நீங்கள் போய்விடுவீர்கள் என்று நம்பினேன், அந்த ஒன்றை மட்டும் சான்றே கேட்காமல் நம்பினேன் என்று எப்படிச் சொல்வாள்? அவர் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஷோகேஸின் நடுவில், தாடையில் தழும்போடு டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தைப் போட்டுக்கொள்ள டீச்சரிடம் நேரில் போய்க் கேட்டு வந்ததாக அவர் சொன்னார். அவளுக்கு மனசு நிறைந்தது. பிறகு நெற்றி சுருங்கியது.

"ஏங்க, நடுவுல நம்ம கல்யாணப் படம்தானே இருந்துச்சு? அது எங்க?"